எந்த டயர் நல்ல டயர்?



போன தீபாவளி லீவுல எங்க அப்பா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாம முழிச்சேன். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையோட தலைப்பு.

எங்க ஊர் ரிஷிவந்தியம். லீவுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். பெரியப்பா பையன், அதாவது எங்க அண்ணன், காருக்குப் புதுசா இரண்டு டயர் போட்டிருந்தார். அகலமான, 'ஹை பெர்ஃபாமன்ஸ்' வகை. இரண்டையும் முன்னாடியே மாட்டிட்டார். பின்னாடி பழைய டயர்தான், பட்டன் பாதிக்கு மேல தேஞ்சு போனது. கேட்டதுக்கு, "இன்ஜின் இழுக்கிறது முன் சக்கரத்தை, ஸ்டீயரிங் திருப்புறதும் முன் சக்கரத்தை. பின்னாடி இருக்கிறது சும்மா உருள்றதுதானே?" என்றார். எனக்கும் அது சரியாத்தான் பட்டது.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும்போது தூறல் பிடிச்சது. ஒரு வளைவுல அண்ணன் லேசா பிரேக் தொட்டார். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்புச்சு. பின்பக்கம் கேட்கல. வண்டியோட வால் மட்டும் வெளியே வீசி, ஓரத் தடுப்புச் சுவரில் இடிச்சு நின்னுச்சு. பின் சீட்டில் அத்தை. யாருக்கும் அடி இல்லை. பின் விளக்கும் பம்பரும் போனதோட முடிஞ்சது. ஆனா அந்தச் சுவர் அந்த இடத்தில் இல்லாம இருந்திருந்தா இந்தக் கட்டுரையே வேற மாதிரி ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, மூணு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறியே, எந்த டயர் நல்ல டயர்னு சொல்லு பார்ப்போம்."

அன்னிக்குச் சொல்ல முடியாத பதிலை இப்போ சொல்லிப் பார்க்கிறேன்.

கிரிப் வேற, ஹேண்ட்லிங் வேற

டயர் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு சொல்லையும் நாம ஒண்ணாக்கிக் குழப்பிக்கிறோம். கிரிப் என்பது சாலையை டயர் அதிகபட்சம் எவ்வளவு விசையோடு பிடிக்க முடியும் என்பது. ஹேண்ட்லிங் என்பது அந்த விசை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒத்துப்போகின்றனவா என்பது.

இதை ஒரு வரைபடமாக நினைத்துப் பாருங்கள். வளைவில் திரும்பும்போது சக்கரம் பார்க்கும் திசையும், அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருக்காது. ரப்பர் முறுக்கிக்கொள்வதால் நடுவில் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். அதற்கு ஸ்லிப் ஆங்கிள் என்று பெயர். கிடைமட்ட அச்சில் ஸ்லிப் ஆங்கிள், செங்குத்து அச்சில் டயர் தரும் பக்கவாட்டு விசை. கோடு முதலில் நேராக மேலே ஏறும், பிறகு வளைந்து ஓர் உச்சியைத் தொடும், அதன்பின் இறங்கும்.

இந்த ஒரே கோட்டில் மூன்று விஷயம் இருக்கிறது. உச்சியின் உயரம்தான் கிரிப். ஆரம்பத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதைக் காட்டும். உச்சிக்குப் பிறகு கோடு மெதுவாக இறங்குகிறதா, சரிவாக விழுகிறதா என்பது, தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்குமா என்பதைச் சொல்லும். கடைசி இரண்டும் ஹேண்ட்லிங் கணக்கில் வரும்.

சைடுவால் உயரம் குறைந்த, விறைப்பான பெர்ஃபாமன்ஸ் டயரில் பொதுவாக உச்சி உயரமாகவும் ஏற்றம் செங்குத்தாகவும் இருக்கும். ஆனால் உச்சிக்குப் பிறகு சட்டென்று விழும் டயர்களும் உண்டு. பழகிய ஓட்டுநருக்கு அது பிடிக்கும். பின் சீட்டில் அத்தையை உட்கார வைத்திருப்பவருக்கு, மெதுவாக எச்சரித்துவிட்டு வழுக்கும் டயர்தான் நல்லது.

உள்ளங்கை அளவு இடம்

பயணிகளோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, அதாவது சுமார் 2940 நியூட்டன். டயரில் காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 2,28,000 பாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால் சாலையைத் தொடும் பரப்பு கிடைக்கும்: சுமார் 130 சதுர சென்டிமீட்டர். கிட்டத்தட்ட நம்ம உள்ளங்கை.

சைடுவாலின் விறைப்பைக் கணக்கில் எடுக்காததால் இது தோராயம்தான். ஆனாலும் இதிலிருந்து ஓர் உண்மை புரியும். டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. எடையும் காற்றும் அதேதான் என்றால் பரப்பும் ஏறத்தாழ அதேதான். அதன் வடிவம்தான் மாறும். நீளவாக்கில் இருந்த தடம் அகலவாக்கில் வரும். அது வளைவில் உதவும், ஆனால் தேங்கிய தண்ணீரை வெட்டிப் போகச் சிரமப்படும்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது?

இரண்டு வழியில். ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் சாலையோடு ஒட்டி ஒட்டி விலகுவது. இது காய்ந்த, சுத்தமான சாலையில் நன்றாக வேலை செய்யும். இன்னொன்று ஹிஸ்டெரிசிஸ். சாலையின் ஜல்லி முனைகள் ரப்பருக்குள் அழுந்துகின்றன, ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சோம்பல் காட்டுகிறது. அந்தச் சோம்பலில் இழக்கும் ஆற்றல்தான் நமக்குப் பிடிமானம். மழையில் ஒட்டுதல் குறைந்துபோகும்போது இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

அப்படியென்றால் ரொம்பச் சோம்பலான ரப்பரையே போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் சக்கரம் சும்மா உருளும்போதும் அந்த ரப்பர் ஆற்றலைத் தின்னும். பெட்ரோல் செலவு கூடும், சீக்கிரம் தேயும். ஈரப்பிடிமானம், எரிபொருள் சிக்கனம், ஆயுள் – இந்த மூன்றில் ஒன்றை இழுத்தால் மற்றொன்று விட்டுக்கொடுக்கும். ரப்பர் ஆய்வகங்களில் 0 டிகிரி செல்சியஸ் பக்கம் அளக்கும் டேன் டெல்டா மதிப்பை வைத்து ஈரப்பிடிமானத்தையும், 60 டிகிரி பக்கம் அளப்பதை வைத்து உருளும் இழப்பையும் ஊகிப்பார்கள். முதலாவது அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் கரித்தூளுக்குப் பதில் சிலிக்காவைக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த இழுபறி கொஞ்சம் தளர்ந்தது.

வெப்பமும் முக்கியம். பந்தய டயர் ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி வரை சூடானால்தான் முழுசாப் பிடிக்கும். அதை வாங்கி நம்ம காரில் மாட்டி, மழை நாளில் மலை ஏறினால், அது சூடாகவே ஆகாது. விலை உயர்ந்த கட்டை மாதிரி கிடக்கும்.

இங்கே வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "பந்தயக் காரில் மொட்டை டயர்தானே போடுறாங்க? அப்போ ரோட்டுல மட்டும் மொட்டை டயர் ஏன் ஆபத்து?" பந்தயத்தில் இருப்பது தேய்ந்துபோன டயர் இல்லை. கோடு வெட்டாமல் செய்த, மென்மையான, புது ரப்பர். காய்ந்த தளத்தில் முழுப் பரப்பும் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மழை வந்தால் அவர்களே அதைக் கழற்றிவிட்டுப் பட்டன் வைத்த டயருக்கு மாறிவிடுவார்கள். நம்ம மொட்டை டயரில் தண்ணீரை வெளியேற்ற வழியும் இல்லை, மிஞ்சியிருப்பது வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பர்.

வளைவில் ஒரு கணக்கு

மேடு பள்ளம் இல்லாத, சாய்வில்லாத ஒரு வளைவில் போகக்கூடிய உச்ச வேகம்:

வேகம் = √(மியூ × ஜி × வளைவின் ஆரம்)

மலைப்பாதையில் 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழுவை, அதாவது மியூவை, மூன்று விதமாகப் போட்டுப் பார்க்கலாம்.

நல்ல பெர்ஃபாமன்ஸ் டயர், காய்ந்த சாலை, மியூ 1.0: மணிக்கு 44 கி.மீ.
சாதாரண நல்ல டயர், காய்ந்த சாலை, மியூ 0.8: மணிக்கு 39 கி.மீ.
தேய்ந்த டயர், ஈரச் சாலை, மியூ 0.4: மணிக்கு 28 கி.மீ.

நல்லா கவனிங்க. ஆயிரக்கணக்கில் அதிகம் கொடுத்து வாங்கிய டயர் நமக்குத் தந்தது மணிக்கு 5 கி.மீ. தேய்ந்த டயரும் மழையும் சேர்ந்து பறித்துக்கொண்டது 11 கி.மீ. சாதாரண டயரை நல்ல நிலையில் வைத்திருப்பதுதான், உயர்ந்த டயர் வாங்குவதைவிடப் பெரிய லாபம்.

பிரேக்கிலும் இதே கதைதான். 60 கி.மீ. வேகத்தில் மியூ 0.8 என்றால் சுமார் 18 மீட்டரில் வண்டி நிற்கும். 0.4 என்றால் 35 மீட்டர். நாம் பார்த்து, யோசித்து, பிரேக்கை மிதிக்கும் நேரம் இதில் சேரவில்லை.

உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் மழையோடு போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து 1960களில் ஒரு சூத்திரம் கண்டார்கள். தண்ணீர் தேங்கிய தளத்தில் டயர் முழுசா மிதக்க ஆரம்பிக்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பி.எஸ்.ஐ. கணக்கில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 33 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 96. காற்று 25க்கு இறங்கியிருந்தால் 83. கார் டயருக்கு இது தோராயம்தான். ஆனால் செய்தி தெளிவு: காற்று குறைந்தால் டயர் சீக்கிரம் மிதக்கும். பட்டன் இருந்தால் தண்ணீர் போக வழி கிடைக்கும், மிதப்பது தள்ளிப்போகும்.

எடை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாகாது

பள்ளி உராய்வுப் பாடத்தில் மியூ மாறாது. ரப்பரில் மாறும். மேலே எடை ஏற ஏற மியூ கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

உதாரணத்துக்கு ஓர் எண் வைத்துக்கொள்வோம். ஒரே அச்சில் இரண்டு சக்கரம், தலா 300 கிலோ, மியூ 1.0. மொத்தப் பிடி 600. வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கம் சாய்ந்து, 450 – 150 என்று ஆகிறது. வெளிச் சக்கரத்தின் மியூ 0.92, உள் சக்கரத்துடையது 1.06 என்றால் மொத்தம் 573. எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பிடி குறைந்துவிட்டது. கூரையில் மூட்டை கட்டிய வண்டி வளைவில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கும், பந்தயக் கார் ஏன் தரையோடு தரையாகக் கிடக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

அந்த ஆண்டின் சிறந்த டயரும் ஒரே ஒரு வளைவும்

இப்போ நம்ம ஊர் மலையை விட்டு அமெரிக்காவுக்குப் போவோம். டயர் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அதில் கோவைக்காரர் ஒருவரும் இருக்கிறார்.

2005இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் இரண்டு நிறுவன டயர்கள் மோதின: மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன். அந்த ஆண்டு நடந்த 19 பந்தயங்களில் 18ஐ மிஷலின் டயர் போட்ட கார்களே வென்றன. அப்படியென்றால் எது நல்ல டயர்? யாரைக் கேட்டாலும் மிஷலின் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மிஞ்சிய அந்த ஒரு பந்தயம் ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்தது. அங்கே 13ஆவது வளைவு மட்டும் சாய்தளம், ஏறத்தாழ 9 டிகிரி. வெள்ளிக்கிழமை பயிற்சியில் அந்த வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா காரில் இடது பின் டயர் விட்டுக்கொடுத்து, கார் சுவரில் மோதியது.

சாய்தளத்தில் என்ன நடக்கிறது? தரை டயரை மேலே தள்ளும் விசையில், எடையோடு கூட, மையநோக்கு விசையின் ஒரு பங்கும் சேர்ந்துகொள்கிறது. வளைவின் ஆரம் 256 மீட்டர், வேகம் மணிக்கு 300 கி.மீ. என்று போட்டுப் பாருங்கள். கூடுதல் சுமை கார் எடையில் சுமார் 0.43 பங்கு வரும். 600 கிலோ காருக்கு அது 260 கிலோ. இது காற்றின் கீழ்நோக்கு அழுத்தத்துக்கும் மேலே. அதிலும் பெரும்பங்கு வெளிப்பக்கச் சக்கரங்களில்தான் விழும். அந்த ஆண்டு விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான், நடுவில் மாற்றக் கூடாது.

அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் தங்கள் டயர் பத்துச் சுற்றுக்கு மேல் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷலினே அறிவித்தது. வளைவுக்கு முன் வேகத்தடை போல ஒரு வளைநெளிவு அமைக்கலாம் என்ற யோசனையை நிர்வாக அமைப்பு ஏற்கவில்லை. பந்தய நாளில் 20 கார்களும் அணிவகுப்புச் சுற்று வந்தன. அது முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட 14 கார்கள் அப்படியே பிட் பக்கம் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின.

அந்த ஆறில் ஒன்று ஜோர்டான் அணியின் மஞ்சள் கார். ஓட்டியவர் நரேன் கார்த்திகேயன். நான்காவதாக முடித்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனார்.

ஆறு பேர் ஓடிய பந்தயம் என்று சிலர் கிண்டல் செய்வார்கள். டயர் படிக்கிறவர்கள் அப்படிப் பார்க்கக் கூடாது. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன், அதே மைதானத்தில் நடக்கும் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்து வந்தது. அந்த வளைவு அந்தக் குடும்பத்துக்குப் பழக்கப்பட்ட வளைவு. 18 இடங்களில் தோற்ற டயர், 19ஆவது இடத்தின் சுமையைத் தாங்கியது. 18 இடங்களில் வென்ற டயரை அந்த ஒரு வளைவுக்கு நம்ப முடியவில்லை.

அப்போ நல்ல டயர் என்று தனியாக ஒன்று இல்லை. இந்தச் சாலைக்கு, இந்தச் சுமைக்கு, இந்த வெப்பத்துக்கு, இந்த வண்டிக்கு நல்ல டயர் என்றுதான் இருக்கிறது.

சரியாக ஒப்பிடுவது எப்படி?

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போன சீனியர்களிடம் ஸ்கிட்பேட் பற்றிக் கேளுங்கள். வட்டப்பாதையில் கார் சுற்றும் நேரத்தை எடுத்து, பக்கவாட்டு முடுக்கத்தைக் கணக்கிடலாம்: 4 × பை² × ஆரம் ÷ நேரம்². ஆரம் 9.1 மீட்டர், நேரம் 5 விநாடி என்றால் சுமார் 1.47 ஜி.

இரண்டு டயரை ஒப்பிட வேண்டுமென்றால் அதே கார், அதே ஓட்டுநர், அதே தளம், அதே காற்றழுத்தம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஓட்டினால் நீங்கள் ஒப்பிட்டது டயரை இல்லை, வெயிலை. அதனால் தெரிந்த ஒரு டயரை முதலிலும் கடைசியிலும் ஓட்டி, தளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் மூடிய தளத்தில் மட்டும்தான் செய்யணும். கச்சிராயபாளையம் ரோடு யாருக்கும் ஸ்கிட்பேட் இல்லை.

கடையில் நிற்கும்போது சைடுவாலைப் படியுங்கள். 205/55 ஆர்16 91வி என்று இருந்தால்: அகலம் 205 மி.மீ., சைடுவால் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம், ஒரு டயர் தாங்கும் சுமை 615 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 240 கி.மீ. தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பட்டன் இடுக்கில் 1.6 மி.மீ. உயரத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். தேய்ந்து தேய்ந்து மேற்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்துக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மறுபடி அந்த வளைவுக்கு

இப்போ அண்ணன் காரைப் பார்ப்போம். இறக்கத்தில் பிரேக் தொட்டதும் எடை முன்னாடி சாய்ந்தது. புது டயர் இன்னும் அழுத்தமாகப் பிடித்தது. பின்பக்கம் எடை குறைந்தது. அங்கே பட்டனும் இல்லை, சாலையும் ஈரம். முன்பக்கம் சட்டென்று திரும்பியதால், பின் சக்கரங்களும் அதே வேகத்தில் பக்கவாட்டு விசை கொடுத்தாக வேண்டும். கொடுக்க அதுங்க கையில் ஒன்றும் இல்லை. பழைய டயர் நான்கும் இருந்திருந்தால் முன்பக்கமும் கொஞ்சம் வழுக்கி, அண்ணன் முன்னாடியே பயந்து வேகத்தைக் குறைத்திருப்பார். புது டயர் கொடுத்த தைரியம்தான் பின் டயரைக் காட்டிக்கொடுத்தது.

முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். நாம் பயத்தில் ஆக்சிலரேட்டரை விடுவோம், எடை முன்னாடி வரும், பிடி திரும்பக் கிடைக்கும். பின் சக்கரம் வழுக்கும்போது அதே பயத்தில் அதையே செய்தால், பின்பக்கம் இன்னும் லேசாகி இன்னும் வீசும். அதனால்தான் இரண்டு டயர் மட்டும் வாங்க முடிகிறது என்றால், முன் சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும், புதுசைப் பின்னாடி போடச் சொல்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள பழசு முன்னாடி வரட்டும். பின் சக்கரம் சும்மா உருளவில்லை. வண்டியை நேராக வைத்திருப்பதே அதுதான்.

அப்பாவுக்கு இதைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்போ நாலும் ஒரே மாதிரி, வண்டிக்குச் சொன்ன அளவு, சரியான காத்து. இதுக்கு எதுக்குடா இவ்வளவு கணக்கு?" என்றார். அண்ணன் அடுத்த வாரமே சாதாரண டயர் நான்கு ஒரே செட்டாக மாற்றிவிட்டார். அத்தை மட்டும் இன்னும் அந்தக் காரில் ஏறல.

இந்த வாரம் ஊருக்குப் போறீங்கன்னா ஒரு வேலை செய்யுங்க. வீட்டு வண்டி பைக்கோ காரோ, குனிஞ்சு ஒரு தடவை டயரைப் பாருங்க. தேதி, பட்டன், காற்று, முன்னும் பின்னும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஐந்து நிமிஷம் ஆகும். மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.